கருகிய ஓர் ஈடு

லாபிஸில், ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
செம்பனை ஆலையின் புகை
கொடித்துணியில் வந்து உட்காரும் வரிசையில்
மூன்றாவது வீடு என்னுடையது.
தீபாவளிக்கு ஒன்பது நாள்.
அடுப்பு இரண்டு, சட்டி இரண்டு,
உரல் ஒன்றுதான்,
கைப்பிடியில் பழைய துணி சுற்றியிருக்கிறேன்.

நீ எண்பது டின் கேட்டாய்.
சிகாமட் பக்கம் ஆர்மி கேம்ப்புக்கு என்றாய்.
டின் பதினாறு வெள்ளி.
சரி அக்கா என்றாய் உடனே.
அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்.
ஐம்பது காசாவது குறைக்காமல்
இந்த ஊரில் முறுக்கு வாங்கியவர் எவருமில்லை,
கோயில் தலைவர் உட்பட.

பத்து நிமிடத்தில் ரசீது வந்தது.
பச்சை டிக், வங்கியின் சின்னம்,
மணி, நிமிடம், நொடி.
ஆயிரத்து இருநூற்று எண்பது இருக்க வேண்டிய இடத்தில்
இரண்டாயிரத்து நூற்று எண்பது.
"நம்பர் மாறிப்போச்சுக்கா.
தொள்ளாயிரம் மட்டும் திருப்பி விடுங்க,
லோரிக்காரனுக்குக் குடுக்கணும்.
அவனுக்கும் தீபாவளிதானே."

கணக்குல ஒண்ணும் ஏறலியே தம்பி.
"லீவு சீசன்கா. பேங்க் மெதுவாத்தான் ஏத்தும்."

உன் பணம் மெதுவாக வரும்,
என் பணம் இப்போதே போக வேண்டும்.
எழுதும்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது.
அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம்
எங்கோ ஒரு லோரிக்காரன் வீட்டில்
என்னால் ஒரு பிள்ளைக்குச் சட்டை இல்லை என்பதுதான்.

விரலை வைத்தேன்.
மாவும் எண்ணெயும் அப்பிய விரல்.
சூபா லாகி, மறுபடி வை என்றது ஃபோன்.
கைலியில் துடைத்து வைத்தேன்.
சூபா லாகி.
பால் வெட்டிய வருடங்களிலேயே பாதி ரேகை போயிருந்தது,
மீதியை அரிசிமாவு மூடியிருந்தது.
மூன்றாம் முறையும்
நான்தான் நான் என்பதை
அது ஒப்புக்கொள்ளவில்லை.

உனக்குப் பொறுமை போயிற்று.
"மெசேஜ்ல ஆறு நம்பர் வரும்கா,
அதைச் சொல்லுங்க போதும்,
நானே பண்ணிக்கிறேன்."

சட்டியின் இரைச்சல் அடங்கிய ஒரு கணத்தில் கேட்டது.
உன் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல்: அக்கா.
அதற்கும் பின்னால்: அண்ணே, அவசரம்ணே.
மலாயில் ஒன்று, சீனத்தில் ஒன்று.
ஒரே கூரைக்குக் கீழே
ஊருக்கெல்லாம் உறவுக்காரர்கள்.

மேல் வரிசையில்
ஆபீஸ் வேலை, நல்ல சம்பளம் என்று விமானம் ஏறிய பையன்
எல்லைக்கு அப்பால் ஏதோ கட்டடத்தில்
நாளெல்லாம் ஃபோன் பேசுகிறான் என்று ஒரு பேச்சு உண்டு.
பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டார்களாம்.
அவனும் இப்படித்தான் "கா"வை இழுத்துச் சொல்வான்.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
வந்தது வேறு.
"தம்பி, தீபாவளிக்கு
உங்களை வீட்டுக்கு விடுவாங்களா?"

நீ பேசவில்லை.
பின்னால் மற்றவர்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள்.
அப்புறம் லைன் இல்லை.

திரும்பிப் பார்த்தால் சட்டி கறுத்திருந்தது.
என் நட்டம் ஓர் ஈடு.
அரித்தெடுத்துக் கோழிகளுக்குப் போட்டேன்,
அவையும் யோசித்துத்தான் தின்றன.

நாலாவது வீட்டு அன்னபாக்கியம்
வருடா வருடம் ஆறு டின் எடுப்பவள்.
இந்த வருடம் கொண்டாட்டம் இல்லை,
தூரத்தில் ஒரு சாவு என்றாள்.
எந்தத் தூரம், யார் சாவு,
கேட்டதற்குப் பதில் வரவில்லை.
சுங்கத்தில் மாட்டிய பார்சல் என்று
போன மாதம் அவள் யாரிடமோ
கெஞ்சிப் பேசியது
சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டிருந்தது.
கேட்காத மாதிரி மாவு பிசைந்தேன்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவி,
ஒரு டின்னை எடுத்துக்கொண்டு போனேன்.
கதவைப் பாதிதான் திறந்தாள்.
பணம் வேண்டாம் என்றால் நோகும்,
அதனால் அதைச் சொல்லவில்லை.

"இன்னிக்கு எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு" என்று
ஆரம்பித்தேன்.
மீதிக் கதவையும் திறந்தாள்.